ரொவீனா ஜெல்பர்ட்டின் எட்டடிக் கோல்

ரொவீனா ஜெல்பர்ட் இடது கையால் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கிழங்கை வலது முழங்கைக்கும் மேசை விளிம்புக்கும் நடுவே அணைத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியை வெளிப்பக்கமாகத் தள்ளித் தள்ளிச் சீவினாள். ஏழு மாதத்துக்கு முன் வலது மணிக்கட்டு உடைந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்ததிலிருந்து இப்படித்தான். முதல் மாதம் தோலோடு பாதிக் கிழங்கும் குப்பைக்குப் போயிற்று. இப்போது தோல் மட்டும்தான் போகிறது.

எதிரே அவள் நாத்தனார் பெரில், சங்கத்திலிருந்து வந்த கடிதத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். பெரிலுக்கு எதையும் மனதுக்குள் படிக்கத் தெரியாது.

“‘நெடுங்கைச் சாவி வைத்திருக்கும் உறுப்பினர்களில், இவ்வாண்டு பலத்த காயம் அடைந்தவர், வரும் சனிக்கிழமை மாலை, துறைமுக விளக்கு எரிவதற்குள், தன் சொந்தக் கோலால், பிறர் உதவியின்றி, ஒரு மீனைப் பிடித்துக் கரையேற்றிக் காட்ட வேண்டும். தவறினால் சாவியைத் திருப்பித் தர வேண்டும். செயலாளர், ஹெட்லி கர்னோ.’ ஏண்டி ரோ, இந்த வருஷம் பலத்த காயம் அடைஞ்ச உறுப்பினர் எத்தனை பேரு?”

“ஒருத்தி.”

“அப்ப உன் பேரையே எழுதித் தொலைச்சிருக்கலாமே. ஒரு வரி மிச்சம்.”

ரொவீனா அடுத்த கிழங்கை எடுத்தாள். “நான் எங்க விழுந்தேன், பெரில்?”

“தேவாலயப் படியில.”

“நெடுங்கையில இல்லையே?”

“இல்ல.”

“படியில விழுந்தேன்னு தேவாலயத்துக்கு வராதேன்னு பாதிரியார் சொன்னாரா?”

“அவரு சொல்ல மாட்டாரு. உன்னையும் சேர்த்தாத்தான் அங்க ஒன்பது பேரு.”

ட்ரெகாரா துறையில் கடலுக்குள் நீண்டு வளைந்து கிடக்கும் அலைத்தடுப்புச் சுவருக்குத்தான் நெடுங்கை என்று பெயர். அதன் வாசலில் இரும்புக் கதவு. குளிர்காலத்தில் அலை ஏறி ஆளை வாரிக்கொண்டு போய்விடும் என்பதால் கதவு பூட்டியே இருக்கும். தூண்டில் சங்கத்துக்காரர்கள் பதினான்கு பேரிடம் மட்டும் சாவி உண்டு. பதினான்கில் பெண் ஒருத்தி.

அந்தச் சாவி ரொவீனாவிடம் முப்பது வருடமாக இருக்கிறது. அவள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள். முடியாதவர்களைக் குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, படுக்க வைப்பது. கடைசி ஆளைப் படுக்க வைத்துவிட்டு நேரே நெடுங்கைக்குப் போவாள். புருஷன் இருந்தவரை அவனுக்கும், பிறகு மாமியாருக்கும், பிறகு பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் கூப்பிட்ட குரலுக்கு ஓடியவள். கதவைத் திறந்து உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிட முடியாது. அந்த ஒரு மணி நேரத்தை அவள் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. அதை இப்போது ஒருவன் இரண்டு வரி எழுதிப் பிடுங்கப் பார்க்கிறான்.

“என்ன பண்ணப் போற?” என்றாள் பெரில்.

“மீன் பிடிக்கப் போறேன். வேற என்ன பண்றது?”

புதன்கிழமை காலை, பழைய கோலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பின்னால் இருந்த பந்து மைதானத்துக்குப் போனாள். பன்னிரண்டு அடிக் கோல். நூறு கஜம் வீசுவதற்காகச் செய்தது. நுனியில் கைக்குள் அடங்காத ஈயக்குண்டு. ஓங்கினாள், பாதி வீச்சிலேயே மணிக்கட்டு மடங்கியது. குண்டு நேராக மேலே போய், நேராகக் கீழே வந்து, பெரிலின் காலுக்கு மூன்றடி தள்ளிப் புல்லில் புதைந்தது.

பெரில் குண்டைப் பார்த்தாள், ரொவீனாவைப் பார்த்தாள். “என் உயில்ல உனக்கு ஒண்ணும் எழுதல. சொல்லிட்டேன்.”

“வலிக்குது,” என்றாள் ரொவீனா.

வலிக்கிறது என்று அவள் சொல்லிப் பெரில் கேட்டதே இல்லை. பெரில் கேலியை அதோடு நிறுத்தினாள். இரண்டு பேரும் குண்டைத் தோண்டி எடுத்தார்கள்.

நோயாளிக்குக் கைத்தடி வாங்கும்போது ரொவீனா ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருப்பாள். தடிக்கு ஏற்றபடி ஆளை வளைக்கக் கூடாது. ஆளுக்கு ஏற்றபடி தடியை வெட்ட வேண்டும். மற்றவர்களுக்கு ஆயிரம் தடவை சொன்னது, தன் கை என்று வந்தபோது மறந்துபோயிற்று. அதில் அவளுக்கு அவள் மேலேயே கோபம். அன்று மத்தியானமே தூண்டில் கடைக்குக் கிளம்பினாள். பையில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம், பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு, ஒரு துண்டு.

கடைக்கார ஜோரிக்கு வயது நாற்பது இருக்கும். அவன் அம்மாவைக் கடைசி வருடம் ரொவீனாதான் பார்த்துக்கொண்டாள். அதனால் அவளைக் கண்டால் எழுந்து நிற்பான். எழுந்து நின்றுகொண்டே விற்கவும் பார்ப்பான்.

“வாங்கம்மா, வாங்க. கேள்விப்பட்டேன். உங்களுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன்.” ஊதா நிறத்தில் மடக்குக் கோல் ஒன்றை நீட்டினான். ரீல், நூல், முள் எல்லாம் ஒரே பையில்.

“இது யாருக்குச் செஞ்சது?”

“அது வந்து... சின்னப் பசங்களுக்கு. ஆனா லேசா இருக்கும்ல.”

“ஜோரி, உங்கம்மாவுக்கு நான் குழந்தை ஸ்பூன்ல ஊட்டினேனா?”

ஜோரி அதை மறுபடி மாட்டிவிட்டு, உயரத்திலிருந்து முந்நூறு பவுண்டு விலைக் கோல் ஒன்றை இறக்கினான். கருகருவென்று, பிடித்தால் கையில் இருப்பதே தெரியாத கோல். ரொவீனா அதை வாங்கி, “ரீலை மாட்டிக் கொடு,” என்றாள்.

“கோலைப் பாருங்க முதல்ல. இறகு மாதிரி.”

“வெறுங்கோல் எல்லாமே இறகுதான். ரீல் ஏறினப்புறம் எப்படி நிக்குதுன்னு பாக்கணும்.”

ரீலை மாட்டினான். ரீலுக்குச் சற்று முன்னால் ஒற்றை விரலில் கோலைத் தாங்கிப் பார்த்தாள். நுனி தொபுக்கென்று தரையைத் தொட்டது. “முன்னங்கனம். அரை மணி நேரம் பிடிச்சா மணிக்கட்டு செத்துப்போயிடும். நீளம் எவ்வளவு?”

“ஒன்பதரை.”

“குறைச்சு எடு.”

ஏழடிக் கோல் விரலில் அழகாக நின்றது. ஆனால் நெடுங்கையின் அடியில் பாசிப் பாறைகள் உண்டு. நூலை அவற்றுக்கு மேலே தூக்கிப் பிடிக்க ஏழடி பற்றாது. எட்டடிக் கோல் ஒன்று, பத்திலிருந்து முப்பது கிராம் வரை வீசலாம் என்று பிடியில் எழுதியிருந்தது, தூசியோடு மூலையில் நின்றது. மூவாயிரம் என்று எண் போட்ட நடுத்தர ரீலை மாட்டியதும் விரலில் மட்டமாக நின்றது. ரொவீனா தலையை ஆட்டிவிட்டு, நூல் நுனியில் சர்க்கரைப் பொட்டலத்தைத் துண்டில் முடிந்து கட்டச் சொன்னாள். கோலின் அடிக்கட்டையை இடது அக்குளில் சொருகி, மெல்லத் தூக்கினாள். கோல் பாதி வரை வளைந்தது. பொட்டலம் தரையை விட்டு எழுந்தது. பத்து எண்ணும் வரை வைத்திருந்தாள்.

“இதுதான்.”

“அது நூத்திப்பத்து பவுண்டுதாம்மா,” என்றான் ஜோரி வருத்தமாக.

“நல்லது. இப்ப ரீல் கைப்பிடியைக் கழட்டி வலது பக்கம் மாட்டு.”

“வலது பக்கமா? வலதுகைக்காரங்க எல்லாரும் இடது பக்கம்தான் வச்சுப்பாங்க. வலது கை கோலைப் பிடிக்கும், இடது கை சுத்தும்.”

“என் வலது கை கனம் பிடிக்காது. சுத்தும். சுத்தறதுக்குத் தோள்பட்டை போதும், மணிக்கட்டு வேண்டாம். மாட்டு.”

ஜோரி திருகைக் கழற்றி, கைப்பிடியை மறுபக்கம் மாற்றினான். ரொவீனா சுற்றிப் பார்த்தாள். பிடிக்கும் குமிழ் ஒல்லியாக இருந்தது; கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. கிள்ளுவதுதான் அவளால் முடியாத காரியம். விரல் மடங்காதவர்களுக்கு ஸ்பூன் காம்பைப் பஞ்சு சுற்றிப் பருமனாக்கிக் கொடுப்பார்கள். அதே கணக்குதான். “உருண்டைக் குமிழ் இருக்கா? எலுமிச்சம்பழம் அளவுக்கு?”

இருந்தது. பெரிய ரீல்களுக்கு வருவது. ஜோரி அதை மாற்றிப் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தான். “கோமாளி மாதிரி இருக்கு.”

“மீன் மேல பாக்காது.”

கடைசியாகக் கைத்தராசை எடுத்தாள். கோலைப் பிடித்துக்கொண்டு, நூல் நுனியைத் தராசில் மாட்டி ஜோரியை இழுக்கச் சொன்னாள். இழுத்தால் ரீல் எப்போது நூலை விட்டுக்கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று கிலோவில் விட்டது. முன்திருகைத் தளர்த்தி ஒன்றரைக்குக் கொண்டுவந்தாள். கை தாங்குவது அவ்வளவுதான். மீன் அதற்கு மேல் இழுத்தால் ஓடிக்கொள்ளட்டும், களைத்துப்போய்த் திரும்பட்டும். பின்னல் நூலும், நுனிக்குக் கொஞ்சம் நைலான் நரம்பும், தகரப் பொய் மீன் நாலும் வாங்கிக்கொண்டாள்.

வியாழனும் வெள்ளியும் மைதானத்தில் கழிந்தன. பொய் மீனின் முட்களைக் குறட்டால் வெட்டி எறிந்துவிட்டு, இடது கையால் வீசப் பழகினாள். முதல் நாள் அது இடது பக்கம் போகவேண்டியது வலது பக்கம் போயிற்று. வலது பக்கம் போகவேண்டியது தலைக்குப் பின்னால் போயிற்று. பெரில் குடையை விரித்துக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளி சாயங்காலம் பத்துக்கு எட்டு, குறிவைத்த இடத்தில் விழுந்தது. முப்பது கஜம்.

“முப்பது போதுமா?” என்றாள் பெரில். “ஹெட்லி நூறு கஜம் எறியறான்.”

“ஹெட்லி எதிர்க்கரைப் பிரான்ஸுக்கு எறியறான். ஆகஸ்ட் மாசத்து மீன் காலடியில நிக்குது.”

இது ட்ரெகாரா ஆண்களின் தீராத வியாதி. குளிர்காலத்தில் மீன் தூரத்தில் இருக்கும், கனக் கோலும் கனக் குண்டும் வேண்டும், சரி. கோடையில் குஞ்சு மீன்கள் சுவர் ஓரமாகப் பாசிக்குள் ஒதுங்கும். பெரியவை அவற்றைத் தேடி ஓரத்துக்கே வரும். ஆனாலும் அவர்கள் அதே கோலைத் தூக்கிக்கொண்டு வந்து, மீனின் தலைக்கு மேலே நூறு கஜம் வீசிவிட்டு, இந்த வருஷம் மீனே இல்லை என்பார்கள். யார் அதிக தூரம் வீசுகிறார்கள் என்பதில்தான் பெருமை. ரொவீனாவும் முப்பது வருடம் அதையே செய்தவள்தான். கை உடையாமல் இருந்திருந்தால் இன்னும் செய்துகொண்டிருப்பாள்.

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு நெடுங்கையில் பதினோரு ஆண்கள் வரிசையாக நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொல்லாமல், மீன் பிடிக்க வந்ததாகச் சொன்னார்கள். ஹெட்லி கர்னோ கையில் குறிப்புப் புத்தகத்தோடு இருந்தான். ரொவீனாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். கெட்டவன் இல்லை. ஆனால் விதி எழுதுவதில் ருசி கண்டவன்.

ரொவீனா மிதவைச் சட்டையை மாட்டி வாரை இறுக்கினாள். அங்கே அதைப் போட்டிருந்தவள் அவள் மட்டும்தான்.

“கைப்பிடியைத் தப்பா மாட்டியிருக்க,” என்றான் ஹெட்லி.

“எனக்குச் சரியா மாட்டியிருக்கேன்.”

“இதென்ன, விளையாட்டுச் சாமானா? கொக்கு காலு மாதிரி இருக்கு.”

“கொக்குதான் மீன் பிடிக்குது, ஹெட்லி.”

யாரோ சிரித்தார்கள். அவள் கடலை நோக்கி நிற்காமல் சுவரை ஒட்டியபடி நின்று, சுவருக்கு இணையாக வீசினாள். இருபத்தைந்து கஜம். மெதுவாகச் சுற்றினாள், நிறுத்தினாள், சுற்றினாள். கனக் குண்டுகள் தூரத்தில் தொம் தொம்மென்று விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் ஒன்றுமில்லை. இடது தோள் வலிக்கத் தொடங்கியது. எட்டு மணிக்குச் சற்று முன் நுனி ஒரு தட்டுத் தட்டியது. அடுத்த நொடி கோல் வட்டமாக வளைந்து ரீல் கிறீச்சிட்டது.

“பாஸ் மீனு!” என்று பெரில் கத்தினாள். அவளுக்கு எல்லா மீனும் பாஸ்தான். இந்த முறை சரியாகச் சொல்லிவிட்டாள்.

மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடியது. ரொவீனா விட்டாள். கட்டையை அக்குளில் இறுக்கி, மீன் நின்றபோது மட்டும் சுற்றினாள். மறுபடி ஓடியது, மறுபடி விட்டாள். ஆண்கள் தங்கள் கோலைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து நின்றார்கள்.

“தூக்கு, தூக்கு,” என்றான் ஹெட்லி, தன்னை மறந்து.

தூக்க முடியாது. கடல் பன்னிரண்டடி கீழே இருந்தது. கனக் கோலால் மீனை அப்படியே மேலே இழுத்துப் போடலாம். இந்தக் கோலும் நூலும் அதற்கு ஆகாது. அவள் சுவர் ஓரமாகவே மீனை நடத்திக்கொண்டு, முப்பதடி தள்ளியிருந்த படகுப் படிக்குப் போனாள். நீர்மட்டம் வரை இறங்கினாள். மீன் வெள்ளிப் பலகைபோல் பக்கவாட்டில் புரண்டு காலடிக்கு வந்தது. நான்கு கிலோவுக்குக் குறையாது. இடது கையில் கோல். வலது கையால் மீனின் தாடையைப் பிடித்தாக வேண்டும்.

பிடித்தாள். கட்டை விரல் வாய்க்குள் போனது, அழுத்தினாள், விரலில் பலம் நிற்கவில்லை. ஓர் அலை ஏறியது, மீன் தலையை உதறியது, முள் நிமிர்ந்து கழன்றது. மீன் ஒரு கணம் அங்கேயே மிதந்துவிட்டு, அவசரமில்லாமல் போயிற்று.

படி மேலே நின்ற ஒருவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“கரையேறல, ரொவீனா,” என்றான் ஹெட்லி. குரலில் வருத்தம் இருந்தது. கையை மட்டும் நீட்டிவிட்டான். “மன்னிச்சுக்கோ. சாவி...”

அவள் நீட்டிய கையைத் தாண்டி மேலே ஏறினாள். “விளக்கு எரிஞ்சுதா?”

எல்லாரும் துறைமுக முனையைப் பார்த்தார்கள். எரியவில்லை.

“அப்ப தள்ளு.”

“போதும்மா, களைச்சுட்ட,” என்றான் ஹெட்லி.

“களைச்ச கையால ராத்திரி பூரா கட்டுப் போட்டிருக்கேன். தள்ளு.”

நிமிர்ந்த முள்ளை வெட்டிவிட்டுச் சின்னத் தகரப் பொய் மீன் ஒன்றைக் கட்டினாள். முடிச்சின் ஒரு முனையைப் பல்லால் இழுத்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, நீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வீச்சு, ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று, ஏழு. எட்டாவதில் தண்ணீர் மேல் மழை பெய்ததுபோல் குஞ்சு மீன்கள் துள்ளின. ரொவீனா அந்த ஓரத்தில் தகரத்தை இறக்கினாள். நுனி படபடவென்று அடித்தது. இந்தத் தடவை படிக்குப் போகவில்லை. கோல் தாங்கும் கனம்தான். அப்படியே சுற்றி, மேலே தூக்கி, கல்தரையில் போட்டாள்.

ஒரு சாண் நீளத்தில், பச்சை வரி போட்ட கானாங்கெளுத்தி. கல்லில் பறை அடித்துக்கொண்டிருந்தது. முழங்காலால் அமுக்கி, கோலின் அடிக்கட்டையால் ஒரே தட்டுத் தட்டி அடக்கினாள்.

“எழுதிக்கோ,” என்றாள்.

ஹெட்லி குனிந்து பார்த்தான். “இது கானாங்கெளுத்தி.”

“தெரியுது.”

“இதப் பூனை கூடப் பிடிக்கும். நான் பாஸைத்தான் மனசுல வச்சிருந்தேன். இல்ல, அந்த மாதிரி ஒரு...”

“பெரில், கடிதத்தைப் படி.”

பெரிலுக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி படித்தாள். “‘ஒரு மீனைப் பிடித்துக் கரையேற்றிக் காட்ட வேண்டும்.’ ஒரு மீன். என்ன மீனுன்னு போடல. அளவு போடல.”

“நான் நினைச்சது...” என்றான் ஹெட்லி.

“நினைச்சதை எழுதணும்,” என்றாள் ரொவீனா. “முப்பத்தொரு வருஷம் நோயாளி புத்தகம் எழுதினவ நான். எழுதாதது நடக்கலைன்னு அர்த்தம். அதுதான் எங்க சட்டம்.”

பதினோரு ஆண்களில் ஒருவர் கைதட்டினார். உடனே நிறுத்திக்கொண்டார்.

“உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்,” என்றான் ஹெட்லி, சிவந்துபோய். “இங்க தனியா விழுந்தா உன்னை யாரு தூக்கறது?”

“மிதவைச் சட்டை தூக்கும். உன்னை எது தூக்கும்?”

பெரில் வாயைத் திறந்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஹெட்லிக்கு இடுப்பு மூட்டு மாற்றியபோது, ஆறு வாரம் காலையில் காலுறை மாட்டிவிடப் போனவள் யார், அப்போது அவன் சாவியை யாராவது கேட்டார்களா என்று அவள் கேட்கப்போகிறாள். ரொவீனா அவள் முழங்கையைப் பிடித்தாள். நோயாளி விஷயம் வெளியே போகக் கூடாது. ஊருக்கே தெரிந்திருந்தாலும் தன் வாயாலோ தன் எதிரிலோ போகக் கூடாது.

ஹெட்லி குறிப்புப் புத்தகத்தில் எழுதினான். எழுதி முடித்தபோது முனையில் விளக்கு எரிந்தது. அதற்குள் ரொவீனா இன்னும் இரண்டு பிடித்திருந்தாள்.

மறுநாள் காலை மூன்று கானாங்கெளுத்தியையும் ஓட்ஸ் மாவில் புரட்டி வறுத்து, ஒன்றைத் தான் தின்று, இரண்டைப் பெரிலுக்கு மூடி வைத்தாள். பிறகு இடது கையால் ஒரு கடிதம் எழுதினாள். எழுத்து கோணலாக இருந்தது, படிக்க முடிந்தது. அதை எடுத்துக்கொண்டு ஹெட்லி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். இரவு உடையோடு வந்தான்.

“படி.”

வாசலிலேயே நின்று படித்தான். எலும்பு முறிவு, மூட்டு மாற்றம், நெஞ்சு அறுவை என எது நடந்த உறுப்பினரும், எந்த வருடம் நடந்திருந்தாலும், அதே சோதனைக்கு வர வேண்டும். இல்லையென்றால் ஒருவருக்கும் சோதனை வேண்டாம். இரண்டில் ஒன்றைச் சங்கம் எழுத்தில் சொல்ல வேண்டும்.

“மூட்டு மாற்றம்னு ஏன் போட்ட?”

“யார் பேரும் போடலையே.”

அவன் இடுப்பைத் தடவிக்கொண்டு தெருவின் இரு பக்கமும் பார்த்தான். “சரி. விதியை எடுத்துடறேன். போதுமா?”

“எழுதிக் கொடு.”

“இப்பவா? காபி கூடக் குடிக்கல, ரொவீனா.”

“நான் நிக்கிறேன். குடிச்சிட்டு வா.”

அவன் காபி குடிக்காமலே அவள் கடிதத்தின் பின்பக்கத்தில், கதவு நிலையில் வைத்து, ‘சோதனை விதி நீக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டான். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

“தேதி.”

தேதி போட்டான். ரொவீனா தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஜோரியின் கடைக்கு நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத்தான் திறப்பான். நிமிராத முள்ளாக, ஒரு நம்பர் தடித்ததாக, ஆறு வாங்க வேண்டும். கடை வாசல் படியில் உட்கார்ந்து அவள் காத்திருந்தாள்.